துண்டு

சனிக்கிழமை காலையில் பதுளை நகரத்து மாடியறை ஒன்றில் உயர்தர வணிகப் பிரிவுப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். கீழே பேக்கரி. பத்து மணிக்குப் பாண் வாசம் மேலே ஏறி வந்தால் பாதி வகுப்புக்குக் கவனம் போய்விடும். அன்றைய பாடம் பண மோசடி பற்றிய சொற்கள். பலகையின் ஒரு பக்கம் ஃபிரோட், எம்பெசல்மென்ட், ஃபோஜரி, பிரைப் என்று ஆங்கிலத்தில் எழுதி, எதிரே மோசடி, கையாடல், போலி ஆவணம், இலஞ்சம் என்று தமிழில் எழுதிக்கொண்டு போனேன். பரீட்சைக்கு வரும் சொற்கள்.

பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வரும் பிள்ளை கையைத் தூக்கியது.

"சேர், கிலோ வெட்டுறதுக்கு இங்கிலீஸ்ல என்ன?"

டவுன் பிள்ளைகளுக்குக் கேள்வியே விளங்கவில்லை, ஆனாலும் சிரித்தார்கள். தோட்டத்து லயங்களிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு விளங்கியது. அவர்கள் சிரிக்கவில்லை.

விளங்காதவர்களுக்குச் சொல்கிறேன். தேயிலைக் கொழுந்து மடுவத்தில் நிறுவை நாளுக்கு இரண்டு மூன்று தடவை நடக்கும். பெண்கள் சாக்கைத் தலையில் வைத்துக்கொண்டு வரிசையில் நிற்பார்கள். சாக்கைத் தராசில் மாட்டியதும் முள் 14இல் நிற்கும். பதிகிறவர் 12 என்று எழுதுவார். சாக்குக்குக் கழிவு, ஈரத்துக்குக் கழிவு, முற்றிய இலைக்குக் கழிவு. நாளுக்கு 18 கிலோ பறித்தால் முழுப்பேர், அதாவது முழுநாள் சம்பளம், என்பது பல தோட்டங்களில் வழக்கம். 20 கேட்கும் இடமும் உண்டு. குறைந்தால் அரைப்பேர். கூடினால் கூடிய கிலோவுக்குக் கைக்காசு. ஆகவே காலையில் இரண்டு, பகலில் ஒன்று, மாலையில் இரண்டு என்று கழிந்துபோகும் கிலோக்கள் சாதாரணக் கிலோக்கள் அல்ல. முழுப்பேர் அரைப்பேராவதும், கைக்காசு இல்லாமல் போவதும் அந்தக் கிலோக்களால்தான்.

அந்தப் பிள்ளையின் அம்மா ஒரு வேலை செய்திருக்கிறார். வெறும் கொழுந்துச் சாக்கை ஒருநாள் வீட்டுக்குக் கொண்டுவந்து, பீலித் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, கடைக்காரரின் தராசில் வைத்துப் பார்த்திருக்கிறார். அரைக் கிலோகூட வரவில்லையாம். அதை ஒரு பழைய கொப்பியின் கடைசித் தாளில் எழுதி வைத்திருக்கிறாராம். யாரிடம் காட்டுவதற்கு என்று நான் கேட்கவில்லை.

அடுத்த கிழமை சொல்கிறேன் என்று தப்பித்தேன். வீட்டுக்கு வந்து அகராதிகளைப் புரட்டிய பிறகு ஒன்று தெரிந்தது. இந்த மாதிரிச் சொற்கள் சும்மா பிறப்பதில்லை. யாரோ ஒரு காசுக்காரனுக்கு நட்டம் வந்திருக்க வேண்டும்.

எம்பெசல்மென்ட் என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். சொல் பழையது, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் வந்தது. அது தனிக் குற்றமாக மாறியது 1799இல். இலண்டன் லொம்பார்ட் தெருவில் இருந்த வங்கியொன்றில் ஜோசப் பேஸ்லி என்று ஒரு காசாளர். வாடிக்கையாளர் ஒருவரின் ஆள் கொண்டுவந்து கட்டிய 137 பவுணை வாங்கி, கணக்கில் சரியாக முழுத் தொகையையும் பதிந்துவிட்டு, அதிலிருந்த 100 பவுண் நோட்டைத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பிடிபட்டார். ஆனால் நீதிபதிகளுக்குத் தலைவலி. களவு என்றால் ஒருவர் கைவசம் இருக்கும் பொருளை எடுக்க வேண்டும். இந்த நோட்டோ வங்கியின் பெட்டிக்குள் போகவேயில்லை. வாடிக்கையாளர் கையிலிருந்து நேரே பேஸ்லியின் பைக்குள் போய்விட்டது. வங்கியின் கைக்கு வராததை வங்கியிடமிருந்து எப்படித் திருட முடியும்? அது களவு ஆகாது என்று முடிவாகி, ஆள் தப்பித்துவிட்டார்.

வங்கிக்காரர்கள் பதறிப்போனார்கள். நாடாளுமன்றம் அதே வருடம் புதுச் சட்டம் எழுதியது. எசமானுக்காக வாங்கிய பணத்தை வேலைக்காரன் தன்னதாக்கிக்கொண்டால் அது எம்பெசல்மென்ட், குற்றம். ஒரேயொரு நோட்டு, ஒரே வருடம், ஒரு சட்டம்.

மடுவத்தில் கழிந்த இரண்டு கிலோவும் அந்த நோட்டு மாதிரித்தான். அது பதிவேட்டுக்குள் போகவேயில்லை. பதியாததை எப்படித் திருட முடியும்?

சீட் என்ற சொல்லின் பிறப்பு இதைவிட வேடிக்கை. வாரிசு இல்லாமல் போன நிலத்தை மன்னருக்கு எடுத்துக்கொள்வதற்கு எஸ்சீட் என்று பெயர். அதற்கென்று இருந்த அதிகாரிகள் வாரிசு இருந்த நிலத்தையும் இல்லையென்று சொல்லி எடுத்ததால், சனங்கள் வாயில் அந்தச் சொல் தலையை இழந்து சீட் ஆகி, ஏமாற்று என்ற பொருளுக்கு வந்து சேர்ந்தது. (நம்முடைய சீட்டுக்கும் இதற்கும் உறவில்லை. சீட்டுக் கட்டி ஏமாந்தவர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.) இதைப் படித்தபோது எனக்கு இலங்கையின் 1840ஆம் ஆண்டுச் சட்டம் நினைவுக்கு வந்தது; அந்த வருடத்தின் 12ஆம் இலக்கம். காடு, தரிசு, பயிரில்லாத நிலம் எல்லாம், வேறு ஆளுக்குரியது என்று நிரூபிக்கப்படும்வரை முடிக்குரியதாகக் கொள்ளப்படும் என்றது அது. அப்படிச் சேர்ந்த மலைநாட்டுக் காடு ஏக்கர் 5 ஷில்லிங் விலைக்கு விற்கப்பட்டது. வாங்கியவர்களில் அரசாங்க உத்தியோகத்தர்களும் இருந்தார்கள். தோட்டம் என்று நாம் சொல்வதன் தொடக்கம் இதுதான். அப்போது யாரும் அந்தச் சொல்லைப் பாவித்ததாகத் தெரியவில்லை.

பிறகு 1883இல் தண்டனைச் சட்டக்கோவை வந்தது. 386ஆம் பிரிவு கையாடல், 388 நம்பிக்கை மோசடி, 398 ஏமாற்றுதல், 452 பொய்யாவணம் என்று எல்லாவற்றுக்கும் இலக்கமும் இலட்சணமும் வகுத்த நூல். இன்றைக்கும் பதுளை நீதிமன்றத்தில் அந்த இலக்கங்கள்தான். ஆனால் அதற்கு முன்பே தோட்டத்து ஆளைக் கட்டிப்போட்ட ஒரு சட்டம் இருந்தது: 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம். சொல்லாமல் கொள்ளாமல் வேலையை விட்டுப் போனால் மறியல். பொதுவாக ஒப்பந்தத்தை முறிப்பது சிவில் விவகாரம். இந்தச் சட்டத்தில் அது குற்றம். அடுத்த தோட்டத்து ஆளை ஆசைகாட்டி இழுப்பதும் குற்றம்.

குற்றம் வந்ததும் சொல்லும் வந்தது. ஓடிப்போன ஆளுக்குத் துரைமார் வைத்த பெயர் போல்ட்டர். கடிவாளத்தை அறுத்துக்கொண்டு ஓடும் குதிரைக்குச் சொல்வது. நம் வாயில் ஓடுகாலி. ஆளை இழுத்தவனுக்கு வைத்த பெயர் கிரிம்ப். இங்கிலாந்துத் துறைமுகங்களில் குடிக்க வாங்கிக்கொடுத்து மயக்கி, கப்பல் வேலைக்கு ஆள்பிடித்துக் கொடுத்தவர்களைக் குறித்த சொல். கடலைத் தாண்டி நமுனுகுல மலைவரைக்கும் ஏறி வந்துவிட்டது. பக்கத்துத் தோட்டத்துத் துரையைப் பார்த்து இன்னொரு துரை சொல்லும் மிக மோசமான வசவு, அவன் கிரிம்பிங் செய்கிறான் என்பதுதான்.

இப்போது நம்முடைய சொல்லுக்கு வருகிறேன்.

துண்டு என்றால் தமிழில் என்னவெல்லாமோ. தோளில் போடுவது, கரும்பில் வெட்டுவது, வரவுசெலவில் விழுவது. பாண்கூட ஒரு துண்டு, இரண்டு துண்டு. இந்தச் சாதாரணச் சொல்லை அப்படியே ஆங்கில எழுத்தில் எழுதி, இலங்கை அரசாங்கத்தின் அறிக்கைகளில் சட்டப் பொருளோடு பாவித்தார்கள். துண்டு முறை என்பது அதற்கு இருந்த பெயர். வரலாற்றுப் புத்தகங்களில் இன்றைக்கும் அப்படித்தான் இருக்கிறது.

அது வெறும் காகிதத் துண்டுதான். தோட்டத்துத் துரை எழுதிக் கையெழுத்துப் போட்டு, ஆட்களைச் சேர்த்து வேலை வாங்கும் கங்காணியிடம் கொடுப்பது. இந்தக் கங்காணியின் கீழ் இத்தனை ஆள் இருக்கிறார்கள், இவர்கள் தோட்டத்துக்குத் தரவேண்டிய கடன் இவ்வளவு, அந்தத் தொகையைக் கட்டினால் ஆட்களை விடுகிறேன் என்பது அதன் சாரம். கங்காணி அதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு புறப்படுவார். ரயில் பதுளைக்கு வந்தது 1924இல்தான். அதற்கு முந்தைய கதை இது. நடைதான். பசறையிலிருந்து ஹாலிஎல, அங்கிருந்து தெமோதரை, ஏறி இறங்கி ஒவ்வொரு பங்களாவாகப் போவார். எங்கே ஆள் பற்றாக்குறையோ அங்கே துண்டுக்கு மவுசு. கொழுந்து முற்றிக்கொண்டிருக்கும் தோட்டத்துத் துரை தொகையைக் கட்டுவார். அதோடு கங்காணி கைக்கும் புதிதாக ஒரு முற்பணம் கொடுப்பார். கொடுக்காவிட்டால் கங்காணி அடுத்த பங்களாவுக்கு நடப்பார்.

சும்மா கணக்குக்காக 40 ஆள், 2,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். தலைக்கு 50. அந்த நாளில் ஓர் ஆணின் நாட்கூலி ரூபாயில் மூன்றிலொரு பங்கு அளவு. ஆகவே 50 ரூபாய் என்பது சாப்பாடு, மருந்து, சாமி, சாவு ஒன்றுமில்லாமல் 150 நாள் வேலை. புதுத் துரை 2,000 கட்டி, மேலே 400 கங்காணிக்குக் கொடுக்கிறார். அந்த 400ஐ வாங்கியவர் கங்காணி. ஆனால் புதுத் தோட்டத்துப் புத்தகத்தில் அது ஆட்களின் கடன்மேல் ஏறிவிடும். அடுத்த துண்டு 2,400இல் தொடங்கும். 40 பேரும் செய்ததெல்லாம் மூட்டையைக் கட்டி ஒரு மலையிலிருந்து இன்னொரு மலைக்கு நடந்தது மட்டுமே. நடந்த பாவத்துக்குத் தலைக்குப் பத்து ரூபாய் கடன்.

அடிக்கடன் எங்கிருந்து வந்தது என்றால், ஊரிலிருந்து. திருச்சி, சேலம், புதுக்கோட்டைச் சீமையில் கங்காணி கொடுத்த கோஸ்ட் அட்வான்ஸ். கோஸ்ட் என்றால் அக்கரை, நம் தமிழ்நாடு. அதன்மேல் வழிச்செலவு, கம்பளி, சட்டி பானை. வந்து சேர்ந்ததும் அரிசி. தோட்டம் கொடுத்துச் சம்பளத்தில் பிடித்துக்கொள்வது. 1900களின் தொடக்கத்தில் தகரச் சீட்டு முறை வந்தது. தோட்டத்து இலக்கம் பொறித்த தகர வில்லையைக் கழுத்தில் கட்டி ஆளை அனுப்பினார்கள். பாதையில் ஆள் தொலையாமல் இருக்கத்தான். அந்தப் பயணச் செலவும் சுற்றி வந்து ஆள் தலையில்தான் விழுந்தது. சம்பளமோ பெரிய கங்காணி வழியாக வந்தது. வரும் வழியில் இளைத்தது. தன் ஆட்கள் பிரட்டுக்கு, அதாவது காலைப் பேரெடுப்புக்கு, வந்து வேலைக்கு இறங்கிய ஒவ்வொரு நாளுக்கும் தலைக்கு இத்தனை சதம் என்று கங்காணிக்குப் பென்ஸ் காசு உண்டு. காய்ச்சல்காரனையும் எழுப்பி மலைக்கு விரட்டியதற்குக் காரணம் அந்தச் சதம்.

ஆளுக்குத் தன் கடன் எவ்வளவு என்று தெரியாது. துண்டு அவன் கையில் ஒருநாளும் இருந்ததில்லை. இருந்தாலும் வாசிக்கத் தெரியாது. தெரிந்தாலும் அது ஆங்கிலத்தில்.

இதில் எனக்கு ஆத்திரத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம். ஆள் தானாகப் போனால் போல்ட்டர். பக்கத்துத் துரை தானாக எடுத்தால் கிரிம்ப். அதே ஆள் அதே பாதையில் ஒரு காகிதத்தோடு போனால் ஒழுங்கான வியாபாரம். பெரிய கங்காணிகள் துண்டு கேட்பேன் என்று மிரட்டியே துரைமாரிடம் புது முற்பணம் கறந்தார்கள். துரைமார் சங்கம் கூடிப் புலம்பினார்கள். புலம்பிவிட்டு வீட்டுக்குப் போய்த் துண்டுக்குக் காசு கட்டினார்கள். அவர்கள் புலம்பலிலும் ஏமாந்தவன் துரைதான். வேலைக்காரன் பெயர் அந்த வழக்கில் வாதியாகவும் இல்லை, பிரதிவாதியாகவும் இல்லை. அவன் தொண்டிப் பொருள்.

நடுவில் பயிரே மாறிப்போனது. கோப்பி இலையைத் தின்ற அந்த மஞ்சள் தூள் நோய் 1869இல் இலங்கையில் முதலில் கண்டது வேறெங்குமல்ல, நம் மடுல்சீமையில்தான். பதினைந்து இருபது வருடத்தில் கோப்பி போய்த் தேயிலை வந்தது. கம்பெனிகள் விழுந்தன, வங்கிகள் முறிந்தன, துரைமார் கப்பலேறினார்கள். பட்டுப்போன கோப்பி மரத்தை வெட்டி எறிந்த இடத்தில் தேயிலைக் கன்று வைக்க வந்ததும் கங்காணி ஆட்கள்தான். தேயிலைத் தோட்டத்திலும் துண்டு நடந்தது.

1917இல் மதராஸ் அரசாங்கத்துக்காக மார்ஜோரிபாங்க்ஸ் என்ற அதிகாரியும் அகமது தம்பி மரைக்காயரும் இலங்கை, மலாயாத் தோட்டங்களைச் சுற்றிப் பார்த்து அறிக்கை கொடுத்தார்கள். ஆட்களின் கடன் அதில் அம்பலத்துக்கு வந்தது. இந்தியாவில் கூலி ஏற்றுமதிக்கு எதிர்ப்பு வலுத்த காலம். ஆள் வரத்து நின்றுவிடுமோ என்ற பயம் இங்கே. 1921ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டம் துண்டை ஒழித்தது. வேலையை விட்டதற்கு மறியல் என்பதும் அதோடு போனது. ஆறு வருடம் கழித்து, 1927இல், குறைந்தபட்சச் சம்பளச் சட்டம்.

அந்தக் காலத்தில்தான் கோதண்டராம நடேசய்யர் மலைக்கு வந்தார். தஞ்சாவூரில் வணிகப் பாடம் நடத்திய ஆசிரியர். கணக்குப் பதிவு பற்றித் தமிழில் புத்தகம் எழுதியவர். அந்நியரைத் தோட்டத்துக்குள் விடாத காலத்தில் துணி வியாபாரி வேடத்தில் லயங்களுக்குள் நுழைந்தார் என்பார்கள். 1931இல் அட்டனில் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கினார். அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் பேச்சாளர், பத்திரிகைக்காரர், சட்டசபைக்காரர் என்றுதான் எழுதுகிறார்கள். எனக்கு அவரிடம் பிடித்தது அவர் கணக்கு வாத்தியார் என்பது. பற்று எது, வரவு எது என்று தெரிந்த ஒரு மனிதர், பற்று மட்டுமே எழுதப்படும் ஊருக்கு வந்து சேர்ந்தார்.

துண்டு செத்தது, அதன் உறவுக்காரச் சொற்கள் சாகவில்லை. பத்துச்சீட்டு என்பது எங்கள் பாட்டிமார் நடுங்கிய சொல். பற்றுச்சீட்டுதான் வாயில் அப்படி ஆனது. ஆளைக் கணக்குத் தீர்த்து அனுப்பும் சீட்டு. அது கிடைத்தால் வேலையும் போச்சு, லயத்துக் காம்பராவும் போச்சு. செக்ரோல் என்றால் வருகைப் புத்தகம். பேர் என்றால் ஒருநாள் சம்பளம். இந்த மாதம் எத்தனை பேர் என்று கேட்டால் 22 பேர் என்று பதில் வரும். வெளியூர்க்காரர்களுக்கு ஏதோ குடும்பத்தை எண்ணுவது போல இருக்கும். பேர் வெட்டிட்டாங்க என்றால் யாரையும் கொல்லவில்லை, நாட்கூலியை அடித்துவிட்டார்கள். கள்ளப்பேர் என்றால் மலைக்கு வராத ஆளுக்குச் செக்ரோலில் விழுந்த பேர். இந்தக் கடைசிச் சொல்லுக்கு மட்டும் ஆங்கிலத்தில் உடனே சொல் கிடைக்கிறது: கோஸ்ட் வேர்க்கர், பேய் ஆள். ஏனென்றால் அதில் நட்டம் கம்பெனிக்கு. பிடிபட்டால் 388ஆம் பிரிவு.

பேர் வெட்டுக்கும் கிலோ வெட்டுக்கும் எவ்வளவு தேடியும் சொல் கிடைக்கவில்லை. கழிவு என்பதற்கு டிடக்ஷன் என்று இருக்கிறது. அது கணக்குப் புத்தகத்தில் போடும் மரியாதையான சொல். அந்தப் பிள்ளையின் அம்மா நனைந்த சாக்கை நிறுத்துப் பார்த்ததை அந்தச் சொல்லுக்குள் வைக்க முடியாது.

அடுத்த சனிக்கிழமை இதையெல்லாம் சுருக்கி வகுப்பில் சொன்னேன். பேஸ்லியின் சட்டைப்பை பிள்ளைகளுக்குப் பிடித்தது. அந்த நோட்டு என்ன ஆனது, வங்கிக்குத் திரும்பக் கொடுத்தாரா என்று டவுன் பையன் ஒருவன் கேட்டான். துண்டின் கதையை லயத்துப் பிள்ளைகள் பேசாமல் கேட்டார்கள். ஒரு பிள்ளை மட்டும், எங்க தாத்தாவின் தாத்தா மூன்று தோட்டம் மாறினார் என்று வீட்டில் சொல்வார்கள், துண்டில்தான் மாறியிருப்பாரோ என்றது. இருக்கலாம் என்றேன்.

கேள்வி கேட்ட பிள்ளை கொப்பியைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தது. தமிழ்ப் பக்கத்தில் கிலோ வெட்டு என்று எழுதி, எதிரே ஆங்கிலப் பக்கத்தில் ஒரு கிழமையாக இடம் விட்டிருந்தது.

"அப்ப இதுக்குச் சொல் இல்லையா சேர்?"

"இல்லை. துண்டுக்கும் இருக்கவில்லை. அப்படியே இங்கிலீஸ் எழுத்தில் எழுதிக்கொண்டார்கள்."

பேனையைத் திறந்து எழுதத் தொடங்கியது. கிலோவைச் சட்டென்று எழுதிவிட்டது. அடுத்த சொல்லில் நின்றது.

"வெட்டுக்கு எத்தனை டீ போடணும் சேர்?"

"ரெண்டு" என்றேன்.